நாய், பூனை உள்ள வீட்டிற்கு ரோபோ வாக்குவம் கிளீனர் வாங்கலாமா?

கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்ததாக பிரிண்டர் வாங்குவார்கள் என்பது பழைய கதை. இப்போது வீட்டிற்கு இன்டர்நெட் இணைப்பும் வை-பி ரௌட்டரும் வந்தவுடன், அதனுடன் இணைந்து இயங்கும் பல்பு, கேமரா, தரையைப் பெருக்கும் ரோபோ என ஒவ்வொன்றாக வாங்கத் தோன்றுகிறது. இதில் ரோபோ குறித்துத்தான் என்னிடம் அதிகம் பேர் கேட்கிறார்கள். அதிலும் நாய் அல்லது பூனை வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "முடி தொல்லை தாங்கவில்லை. அந்த மிஷின் வாங்கினால் சரியாகி விடுமா?"

நானும் இதே கேள்வியுடன்தான் ஒன்றை வாங்கினேன். ஓராண்டிற்கு மேல் பயன்படுத்திய பின்னர் எனக்குக் கிடைத்த விடையை இங்கு தருகிறேன். விளம்பரங்களில் இல்லாத சில விஷயங்களும் இதில் உண்டு.

எங்கள் வீட்டு நிலவரம்

திருக்கோவிலூரில் கீழையூர் பக்கம் எங்கள் வீடு. முன்னால் திண்ணை, நடுவில் கூடம், பின்னால் பிறகு கட்டிச் சேர்த்த இரண்டு அறைகள். தென்பெண்ணை ஆற்றுப் பக்கம் என்பதால் கோடையில் காற்று அடித்தால் மணலும் தூசியும் தாராளமாக உள்ளே வரும். இதனுடன் மணி. மணி என்பது எங்கள் நாய். அப்பா காலமாவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் குட்டியாகத் தூக்கி வந்தது. இப்போது அதற்கு ஒன்பது வயது. பாதி நாட்டு நாய், பாதி லாப்ரடார். அந்தப் பாதி லாப்ரடார் தான் பிரச்னை. ஆண்டு முழுவதும் முடி உதிரும்.

அம்மாவிற்கு மூச்சிரைப்பு உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அது அதிகமானபோது, பரிசோதித்த டாக்டர் நாய் வீட்டிற்குள் வராமல் பார்த்துக் கொள்ளச் சொன்னார். உறவினர்கள் ஒரு படி மேலே போய், யாராவது தோட்டம் வைத்திருப்பவரிடம் நாயைக் கொடுத்துவிடு என்றார்கள். அம்மா அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. "அவர் கொண்டு வந்தது. அதைப் போய் எங்கேயோ விட்டுட்டு நான் என்னப்பா நிம்மதியா மூச்சு விடப் போறேன்?" என்று சொல்லிவிட்டார். எனவே வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் வழியைத் தேட வேண்டியதாயிற்று. அப்படித்தான் இந்த ரோபோ வந்தது.

இது எப்படி வேலை செய்கிறது?

பெருக்கும் ரோபோ புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஸ்வீடன் நாட்டின் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 2001ல் ட்ரைலோபைட் என்ற பெயரில் ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. விலை அதிகம் என்பதால் அது பரவவில்லை. 2002ல் அமெரிக்காவின் ஐ-ரோபோட் நிறுவனம் ரூம்பா என்ற ரோபோவை ஏறத்தாழ 200 டாலர் விலையில் வெளியிட்டது. அதன் பின்னர்தான் சாதாரண வீடுகளுக்கு இது வந்தது. இந்தியாவில் மிலாக்ரோ போன்ற நிறுவனங்கள் முதலில் இவற்றை விற்கத் தொடங்கின. 2020ல் ஷாவ்மி நிறுவனம் பெருக்கித் துடைக்கும் ரோபோவை ரூ. 17,999க்கு அறிமுகப்படுத்தியபோது பலரின் கவனம் இதன் பக்கம் திரும்பியது.

தொடக்க கால ரோபோக்களுக்கு வீட்டின் வரைபடம் தெரியாது. நேராகச் செல்லும், எதிலாவது முட்டும், திரும்பும். பல முறை இப்படிச் சுற்றும்போது பெரும்பாலான இடங்கள் சுத்தமாகிவிடும். இன்றும் விலை குறைந்தவற்றில் சில இப்படித்தான் செயல்படுகின்றன.

அடுத்த வகையில் தலையில் சிறிய கோபுரம் போன்ற பகுதி இருக்கும். இதனை லிடார் என்பார்கள். உள்ளே லேசர் ஒன்று சுழன்று கொண்டே இருக்கும். லேசர் ஒளி சுவரில் பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டு, வீட்டின் வரைபடத்தை ரோபோ தானே தயாரித்துக் கொள்ளும். பின்னர் வயலில் ஏர் ஓட்டுவது போல வரிசை வரிசையாகப் பெருக்கும். இருட்டிலும் இது வேலை செய்யும்.

மூன்றாவது வகையில் லிடாருடன் முன் பக்கத்தில் கேமராவும் இருக்கும். கீழே கிடப்பது செருப்பா, ஒயரா, நாய் அசிங்கம் செய்ததா என்று படத்தைப் பார்த்து முடிவு செய்து விலகிச் செல்லும். விலையும் அதற்கேற்ப அதிகம்.

இவை தவிர ஏறத்தாழ எல்லா ரோபோக்களின் அடியிலும் அகச்சிவப்புக் கதிர் சென்சார்கள் இருக்கும. தரையில் பட்டு ஒளி திரும்பவில்லை என்றால், கீழே பள்ளம் அல்லது படி இருப்பதாக எண்ணி ரோபோ நின்றுவிடும். மாடிப்படியிலிருந்து உருண்டு விழாமல் காப்பது இதுதான்.

நான் வாங்கியது இரண்டாவது வகை. ஏறத்தாழ 24 ஆயிரம் ரூபாய் ஆனது. அட்டைப் பெட்டியின் மேலேயே நாயும் பூனையும் படமாக அச்சிடப்பட்டிருந்தன.

முதல் வாரம்

முதல் நாள் இரண்டு பாடங்கள் கிடைத்தன. ஒன்று, கூடத்தின் ஓரத்தில் அழகுக்காகக் கறுப்பு கிரானைட் பட்டை பதித்திருக்கிறோம். கறுப்புக் கல் ஒளியைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடுவதால், ரோபோ அதனைப் பள்ளம் என்று எண்ணி அந்தப் பக்கமே போகவில்லை. உங்கள் வீட்டில் கறுப்புத் தரை இருந்தால் வாங்கும் முன் இதனைக் கடையில் கேட்டுத் தெரிந்து கொள்ளவும். இரண்டு, சாமி படத்திற்கு முன் அம்மா போட்டிருந்த மாக்கோலத்தை ரோபோ சுத்தமாக உறிஞ்சிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதனைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. மொபைல் அப்ளிகேஷனில் வீட்டின் வரைபடத்தைத் திறந்து, குறிப்பிட்ட இடத்தில் விரலால் ஒரு கட்டம் வரைந்தால் அதற்குள் ரோபோ செல்லாது. அன்று மாலையே கோலத்தைச் சுற்றிக் கட்டம் வரைந்தேன்.

நிலைப்படிகளும் ஒரு சிக்கல். பெரும்பாலான ரோபோக்களால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் உயரம் வரைதான் ஏற முடியும். எங்கள் பழைய கூடத்தின் நிலைப்படி அதைவிடப் பல மடங்கு உயரம். எனவே பின்புற அறைகளுக்கு அதனை நான்தான் தூக்கிச் செல்ல வேண்டும்.

இவற்றைத் தாண்டிப் பார்த்தால், முடியை எடுக்கும் வேலையை அது நன்றாகவே செய்தது. துடைப்பத்தால் பெருக்கும்போது முடி பறந்து, மீண்டும் வந்து படியும். மேலே பேன் ஓடினால் கேட்கவே வேண்டாம். அத்தனையும் கட்டிலுக்கு அடியில் சேரும். குனிந்து பெருக்க முடியாத அந்த இடத்திற்கு ரோபோ எளிதாகச் சென்று வந்தது. முதல் நாள் குப்பை டப்பாவைத் திறந்தபோது, உள்ளே இன்னொரு மணி இருப்பது போலத் தெரிந்தது. அன்று காலைதான் வீட்டைப் பெருக்கியிருந்தோம்!

மணி முதல் மூன்று நாட்கள் குரைத்தது. ரோபோவை அணைத்த நிலையில் கூடத்தில் வைத்து, அருகில் பிஸ்கட் போட்டுப் பழக்கினோம். பிறகு குறைந்த வேகத்தில் ஓடவிட்டோம். இப்போது அது வந்தால் எழுந்து வழிவிட்டு, போன பின்னர் அதே இடத்தில் படுத்துக் கொள்கிறது.

அந்த ஒரு காலை

மூன்றாவது மாதம். தினமும் காலை 5.30க்குத் தானாக இயங்கும்படி நேரம் அமைத்திருந்தேன். முந்தைய நாள் இரவு மணிக்கு வயிறு சரியில்லை. யாருக்கும் தெரியாமல் கூடத்தின் மூலையில் போய்விட்டது. நாங்கள் தூங்கிக் கொண்டிருந்தோம். ரோபோ மட்டும் சொன்ன நேரத்திற்குச் சரியாகப் புறப்பட்டது.

நான் எழுந்து விளக்கைப் போட்டபோது கூடம் முழுவதும் வரிசை வரிசையாக, ஏர் ஓட்டியது போலவே, பூசப்பட்டிருந்தது. சக்கரம், பிரஷ், டப்பா என எல்லாவற்றிலும் அதுதான். நாற்றத்தில் அம்மாவிற்கு இருமல் தொடங்கி, அன்று காலை திண்ணையிலேயே உட்கார வைக்க வேண்டியதாயிற்று. எந்த மூச்சிரைப்பைக் குறைக்க அதனை வாங்கினேனோ, அதனையே அன்று அது அதிகமாக்கிவிட்டது. மணி தன் மீதுதான் தவறு என்பது போலக் கிணற்றடியில் போய் ஒளிந்து கொண்டது.

இது எனக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. 2016ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஒருவர், தன் வீட்டில் நாய்க்குட்டியும் ரோபோவும் சேர்ந்து இதே போல நடத்தியதைப் படம் வரைந்து எழுதியது உலகம் முழுவதும் பரவியது. 2021ல் ஐ-ரோபோட் நிறுவனம் ஜே7 ப்ளஸ் என்ற மாடலை வெளியிட்டபோது, நாய்க் கழிவைக் கேமரா மூலம் கண்டு விலகிச் செல்லும் என்றும், முதல் ஆண்டில் அவ்வாறு விலகத் தவறினால் வேறு ரோபோ தரப்படும் என்றும் அறிவித்தது. அந்த அளவிற்கு இது பொதுவான பிரச்னை.

காரணம் எளிதானது. லிடார் கோபுரம் ரோபோவின் தலையில் இருக்கிறது. அந்த உயரத்தில் உள்ள சுவர், மேஜைக்கால் போன்றவற்றைத்தான் அது பார்க்கும். தரையோடு கிடப்பது அதற்குத் தெரியாது. வரைபடம் தயாரிக்கும் ரோபோ என்றால் எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்று நான் எண்ணியது தவறு. பெட்டியின் மேல் நாய்ப் படம் இருந்தால், முடியை உறிஞ்சும் என்று மட்டும்தான் பொருள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி. தானாக இயங்கும் நேரத்தை நீக்கிவிட்டேன். யாராவது ஒருவர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்த பின்னரே பட்டனை அழுத்துவோம். குட்டி நாய், வயதான நாய், வாந்தி எடுக்கும் பூனை இருக்கும் வீடுகளில் இது கட்டாயம். கேமரா உள்ள ரோபோவும் நீர் போன்ற கழிவைத் தவற விடலாம்.

வை-பி இணைப்பு தரும்போது

புதிதாகக் கம்ப்யூட்டர், ரௌட்டர் வாங்கியவர்கள் இங்குதான் தடுமாறுகிறார்கள். பல ரோபோக்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும். இன்றைய ரௌட்டர்கள் 2.4, 5 என இரண்டிலும் இயங்குகின்றன. இரண்டிற்கும் ஒரே பெயர் இருந்தால், உங்கள் போன் 5ல் இருக்க, ரோபோ இணைய மறுக்கலாம். மிஷின் பழுது என்று எண்ணித் திருப்பி அனுப்பிவிட வேண்டாம். கீழ்க்கண்டவாறு செயல்படவும்.

1. கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, ரௌட்டரின் முகவரியை டைப் செய்திடவும். பெரும்பாலும் இது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். சரியான முகவரி ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்.

2. யூசர் நேம், பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே சென்று, வயர்லெஸ் பிரிவில் இரண்டு அலைவரிசைகளுக்கும் வெவ்வேறு பெயர் தரவும்.

3. போனை 2.4 பெயரில் இணைத்துவிட்டு, பிறகு ரோபோவின் அப்ளிகேஷனை இயக்கவும்.

4. ரௌட்டருடன் வந்த பாஸ்வேர்டையே இன்னும் வைத்திருந்தால், இதுவே அதனை மாற்றச் சரியான நேரம்.

கண்ணும் காதும் உள்ள மிஷின்

கேமரா உள்ள மாடல் வாங்குபவர்கள் இதனைப் படித்துவிட்டு முடிவு செய்யவும். சோதனைக்காகச் சில வீடுகளில் இயங்கிய ரோபோக்கள் எடுத்த அந்தரங்கப் படங்கள் வெளியே கசிந்ததை 2022ல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் வெளியிட்டது. 2024ல் அமெரிக்காவில் சில வீடுகளில் இருந்த எக்கோவாக்ஸ் ரோபோக்களுக்குள் யாரோ இன்டர்நெட் வழியாகப் புகுந்து, ஸ்பீக்கரில் வசைமொழி பேசினார்கள். ஒரு வீட்டில் ரோபோவை ஓட்டி நாயை விரட்டவும் செய்தார்கள்.

பயப்பட வேண்டாம். ஆனால் கவனம் தேவை. வேறு எங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்ட் அமைக்கவும். ரௌட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் வசதி இருந்தால் ரோபோவை அதில் இணைக்கவும். அப்டேட் வந்தால் தள்ளிப் போட வேண்டாம். ரோபோவை விற்கும் முன் வரைபடத்தை அழித்து, பேக்டரி ரீசெட் செய்திடவும். உங்கள் வீட்டின் முழு வரைபடம் அதில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று. ரூம்பா தந்த ஐ-ரோபோட் நிறுவனமே 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் சென்றது. அதற்கு ரோபோக்களைத் தயாரித்துத் தந்த சீன நிறுவனம் அதனை எடுத்துக் கொள்வதாக அறிவிக்கப்பட்டது. பெரிய நிறுவனத்திற்கே இந்த நிலை வரலாம் என்றால், அப்ளிகேஷன் இல்லாமல், உடலில் உள்ள பட்டனை அழுத்தினாலும் இயங்கும் ரோபோவையே வாங்குவது நல்லது.

பராமரிப்பும் செலவும்

ரோபோ நமக்கு வேலையே வைக்காது என்று எண்ண வேண்டாம். முடி உள்ள வீட்டில் டப்பாவைத் தினமும் காலி செய்திட வேண்டும். வாரம் ஒரு முறை சுழலும் பிரஷைக் கழற்றி, இரு முனைகளிலும் சுற்றியுள்ள முடியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும். நார் பிரஷைவிட ரப்பர் பிரஷில் முடி குறைவாகச் சுற்றும். வாங்கும்போது இதனைக் கவனிக்கவும். பில்டர், பிரஷ் மாற்ற எனக்கு ஓராண்டில் 2 ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகச் செலவானது. லித்தியம் பேட்டரி வெப்பத்தில் விரைவில் பழுதாகும். நம் ஊர் சித்திரை வெயில் படும் இடத்தில் சார்ஜரை வைக்க வேண்டாம்.

துடைக்கும் வசதி உள்ள ரோபோவின் தண்ணீர் டேங்கில் பினாயில் ஊற்றக் கூடாது. உள்ளே உள்ள குழாய்கள் கெடும். பினால் வகைப் பொருட்கள் பூனைக்கு நஞ்சு. தரையில் நடந்து, பின் பாதத்தை நக்கும் அல்லவா?

சிறிய ஊர்களில் பழுது பார்ப்பதும் சிரமம். அந்தக் காலைச் சம்பவத்திற்குப் பின் என் ரோபோவின் ஒரு சக்கரம் நின்றது. அருகில் சர்வீஸ் சென்டர் இல்லை. கூரியரில் அனுப்பி, மூன்று வாரம் காத்திருந்தேன். வாங்கும் முன் உங்கள் பின்கோடிற்கு வீட்டிற்கே வந்து சர்வீஸ் தருவார்களா என்று எழுத்து மூலம் கேட்டுக் கொள்ளவும்.

மூச்சிரைப்பு குறைந்ததா?

இதுதான் முக்கியக் கேள்வி. அலர்ஜிக்குக் காரணம் முடி மட்டும் அல்ல. நாய், பூனைகளின் எச்சில், தோல் செதில், சிறுநீர் ஆகியவற்றில் உள்ள புரதங்களே காரணம். முடி அவற்றைச் சுமந்து வருகிறது. தரை முடியை எடுப்பதால் மட்டும் இது தீராது. நாங்கள் டாக்டரிடம் மீண்டும் பேசி, சில மாற்றங்களைச் செய்தோம். அம்மாவின் படுக்கை அறைக்குள் மணி வராது. வாரம் இரு முறை கொல்லைப்புறத்தில் வைத்து அதற்குச் சீப்புப் போடுகிறோம். அது படுக்கும் சாக்கையும் விரிப்பையும் வாரம் ஒரு முறை துவைக்கிறோம். டப்பாவை வீட்டிற்கு வெளியே, அம்மா இல்லாத இடத்தில் காலி செய்கிறோம். டாக்டர் தந்த மருந்தும் தொடர்கிறது.

இவை அனைத்தும் சேர்ந்துதான் பலன் தந்தன. இரவில் எழுந்து உட்காரும் நாட்கள் குறைந்தன. இதில் ரோபோவின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், கால் பங்கு என்பேன். சீப்பின் பங்கு அதைவிட அதிகம். சீப்பின் விலை 150 ரூபாய்.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா முதல் நாள் ரோபோவைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் நாளையிலேருந்து வர வேணாமாம்மா?" என்று கேட்டார். அவர் இன்றும் வருகிறார். திண்ணை, வாசல், மூலைகள், நிலைப்படி இவற்றை ரோபோ தொடுவதில்லை. குறைந்தது அவர் குனியும் வேலைதான்.

யார் வாங்கலாம், யார் வேண்டாம்?

வாங்கலாம்: சமமான டைல்ஸ் தரை, உயரமில்லாத நிலைப்படி, கீழே பொருட்கள் அதிகம் கிடக்காத வீடு, வெளியே சென்று கழிக்கப் பழகிய நாய், தினமும் முடி உதிரும் இனம், குனிந்து பெருக்க முடியாதவர்கள் உள்ள வீடு. லிடார், ரப்பர் பிரஷ், பட்டன் ஆகிய மூன்றும் இருக்கட்டும். பட்ஜெட் இடம் கொடுத்தால் கேமரா வகையைப் பார்க்கலாம்.

வேண்டாம்: பழக்கப்படாத குட்டி நாய் உள்ள வீடு, அறைக்கு அறை படி உள்ள பழைய வீடு, கறுப்புத் தரை உள்ள வீடு, முடி பெரும்பாலும் சோபாவில் படியும் வீடு. ரோபோ சோபாவில் ஏறாது. அதற்கு ஈரமான ரப்பர் கையுறையை அணிந்து தடவினாலே முடி திரண்டு வந்துவிடும். இவர்களுக்கு 5 ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் சாதாரண வாக்குவம் கிளீனர் போதும்.

என்னைக் கேட்டால், மீண்டும் வாங்குவேனா? வாங்குவேன். ஆனால் முதலில் சீப்பு, பிறகு விரிப்புத் துவைத்தல், மூன்றாவதாக ரோபோ என்ற வரிசையில் வாங்குவேன். நான் தலைகீழாகத் தொடங்கினேன்.

இதனை எழுதும்போது ரோபோ கூடத்தில் ஓடிக் கொண்டிருக்கிறது. பட்டனை அழுத்தியது அம்மா. அதற்கு முன் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மணி, எழுந்திருடா" என்று ஒரு குரல் கொடுத்தார். மணி எழுந்து திண்ணைக்குப் போயிருக்கிறது.